காய்ச்சலும் பாய்ச்சலும்

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்திருந்தேன். கொல்லைத் தாழ்வாரத்தில் கதவுக்குப் பின்னால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த பையன், "ஐயா, இங்க ஏதோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. சுரண்டிடவா?" என்று கேட்டான். கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். காவி நிறத்தில் டி.டி.டி. என்ற மூன்று எழுத்து. அதன் கீழே ஒரு தேதி. நாளும் மாதமும் அழிந்துவிட்டன. 62 என்ற வருஷம் மட்டும் தெரிந்தது. அந்த ஒரு முழம் இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொன்னேன். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. பெருசு எதையோ சொல்லுது என்று போய்விட்டான்.

உங்களில் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த மூன்று எழுத்து நினைவிருக்கும். காக்கி நிக்கர் போட்ட நாலைந்து பேர் தெருமுனையில் வருவார்கள். ஒருவர் வாளியில் மருந்தைக் கரைத்துப் பம்பு அடிப்பார். இன்னொருவர் நீளக் குழாயைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார். அதற்குள் நாம் சாமி படம், ஊறுகாய் ஜாடி, அரிசிப் பானை எல்லாவற்றையும் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சுவர், கூரை உட்பக்கம், மாட்டுக்கொட்டில் எல்லாம் அடிப்பார்கள். ஈரம் காய்ந்ததும் சுவரில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். அந்த வாடை ஒரு வாரம் போகாது. பிள்ளைகள் நாங்கள் அந்தப் பொடியை விரலால் தொட்டுச் சுவரில் படம் போட்டிருக்கிறோம். இன்றைக்கு நினைத்தால் பகீர் என்கிறது.

எங்கள் வீட்டில் அவர்கள் வந்தாலே சண்டைதான். அவர்களோடு அல்ல, எங்களுக்குள்ளேயே. "வேண்டாம், போங்க" என்று அம்மா வாசலில் நிற்பார். "உள்ள வாங்க தம்பி, சமையல்கட்டையும் விட்டுடாதீங்க" என்று அத்தை பின்னாலிருந்து குரல் கொடுப்பார்.

அம்மா கட்சியிலும் நியாயம் இருந்தது. மருந்து அடித்த பத்து நாளில் மூட்டைப்பூச்சி பெருகிவிடும் என்பது அவருடைய புகார். அம்மா மட்டுமல்ல, தெருவே அப்படித்தான் சொன்னது. அது கற்பனை இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மூட்டைப்பூச்சிக்கு டி.டி.டி. வெகு சீக்கிரம் பழகிப்போய்விட்டது. ஹவாய்த் தீவில் 1947லேயே அந்த மருந்துக்குச் சாகாத மூட்டைப்பூச்சியைக் கண்டிருக்கிறார்கள். சாகாத பூச்சிக்கு மருந்து எரிச்சலைத்தான் கொடுக்கும். இடுக்கில் பதுங்கிக் கிடந்தது வெளியே வந்து ஓடும். பார்க்கிறவர்களுக்குப் பெருகிவிட்டது போலத்தானே இருக்கும்? அம்மாவுக்கு இந்த எலி, மூட்டை, கரப்பான், கரையான் எல்லாம் பழகின பகையாளிகள். எலிக்குப் பத்தாயத்தைக் காலில் ஏற்றி வைப்பது, வயலில் கிட்டி போடுவது. அந்துப்பூச்சிக்கு நெல்லோடு நொச்சி இலை, துணிப்பெட்டியில் வசம்பு. மூட்டைக்குக் கயிற்றுக் கட்டிலை நடுவெயிலில் போட்டுத் தடியால் தட்டி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவது. கொசுவுக்குச் சாயங்காலம் வறட்டித் தணலில் வேப்பிலை. இதற்கெல்லாம் சர்க்கார் எதற்கு என்பது அவர் எண்ணம்.

அத்தைக்கு மற்ற எதைப் பற்றியும் கவலை இல்லை. தேளைக் கூடச் செருப்பால் அடித்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார். கொசு ஒன்றுதான் அவருக்கு ஆகாது. காதருகே ஒரு கொசு ரீங்காரம் போட்டால் முகமே மாறிவிடும். ஏன் என்று எனக்கு விளங்க நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவர். 1936ல் கல்யாணம். மதுக்கூருக்கு அந்தப் பக்கம், பட்டுக்கோட்டைத் தாலுக்காவில் ஒரு கிராமத்தில் கொடுத்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் இன்றும் அங்கே இருக்கிறது. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி வரை ரயில், அதற்கு மேல் மாட்டு வண்டி. இங்கே மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிந்து ஓடுவதைப் பார்த்து வளர்ந்த பெண். அது வானம் பார்த்த பூமி. செம்மண்ணும் மணலும். கம்பு, கேழ்வரகு, கடலை, ஏரியடியில் கொஞ்சம் நெல். "போன புதுசுல அந்த வீட்டுல தேளும் கரையானும்தான். கட்டில் கால் நாலுக்கும் கொட்டாங்கச்சியில தண்ணி வச்சுட்டுப் படுப்போம். கொசுன்னு ஒண்ணு கிடையாது" என்பார் அத்தை.

அந்தக் கொசு எப்படி வந்தது என்பதற்கு மேட்டூரிலிருந்து தொடங்க வேண்டும். 1925ல் ஆரம்பித்த மேட்டூர் அணை 1934ல் முடிந்தது. பழைய டெல்டாவுக்குத் தண்ணீரை ஒழுங்குபடுத்துவது ஒரு நோக்கம். சுமார் 3 லட்சம் ஏக்கர் புது நிலத்துக்குப் பாசனம் கொடுப்பது இன்னொரு நோக்கம். அதற்காகத்தான் கல்லணையிலிருந்து ஒரு புதிய கால்வாயை வெட்டித் தஞ்சாவூர், ஒரத்தநாடு வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கம் கொண்டு போனார்கள். ஏட்டில் கல்லணைக் கால்வாய், ஜனங்கள் வாயில் புது ஆறு. கால்வாய் வந்தாலும் கிளை வாய்க்கால்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர வருஷங்கள் ஆயின. அத்தை அந்த வீட்டுக்குள் காலடி வைத்த வருஷமும், அந்த ஊருக்கு வாய்க்கால் தண்ணீர் வந்த வருஷமும் ஒன்று.

முதல் வருஷம் கொண்டாட்டம். பொட்டலில் நெல் விளைந்தது. இரண்டாம் வருஷம் குளிர்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் மணி அடித்தாற்போல வரும். முறைக்காய்ச்சல் என்பார்கள். பல் கிட்டிக்கும். நாலு கம்பளி போர்த்தினாலும் உடம்பு உதறும். அப்புறம் அனல், அப்புறம் வியர்வை, அப்புறம் ஒன்றுமே நடக்காதது மாதிரி எழுந்து வேலைக்குப் போகலாம். மறுபடி நாளன்றைக்கு வரும். பிள்ளைகளுக்கு இடது விலாவுக்குக் கீழே வயிற்றில் கட்டி கட்டியாகத் தட்டுப்படும். காய்ச்சல் கட்டி என்று சொன்னார்கள். மண்ணீரல் வீங்குவதுதான் அது. அத்தைக்கு இரண்டு தடவை கர்ப்பம் கலைந்தது. மூன்றாவதாகப் பிறந்த பெண் குழந்தை ஆறு மாதம் இருந்தது.

"இவ வந்த வருஷத்துலேருந்துதான் ஊர்ல காய்ச்சல்" என்று மாமியார் சொல்ல ஆரம்பித்தார். வீட்டில் சொன்னது கிணற்றடிக்குப் போயிற்று. கிணற்றடியில் சொன்னது ஊர்ப் பேச்சு ஆயிற்று. 1941ல் தாத்தா வண்டி கட்டிக்கொண்டு போய் அத்தையை அழைத்து வந்துவிட்டார். பிறகு அவர் அங்கே போகவில்லை. மாமா வேறு கல்யாணம் செய்துகொண்டார். அத்தை 1979ல் சாகிற வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். ராசி இல்லாதவள் என்ற பெயரும் கூடவே இருந்தது. எங்கள் வீட்டு நல்ல காரியங்களில் கூட அத்தை அடுக்களையை விட்டு வெளியே வரமாட்டார். யாரும் வரவேண்டாம் என்று சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.

அத்தை ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அவர் கிளம்புவதற்கு முந்தின வருஷங்களில் பக்கத்து ஊர்களுக்கு வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் ஆட்களோடு வந்தாராம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்களாம். வீட்டுக்குள் பம்பில் மண்ணெண்ணெய் வாடையடிக்கும் ஒரு தைலத்தைப் புகை மாதிரி அடித்தார்களாம். "அடிச்சு முடிஞ்சா தரையில கொசு பொத்துப் பொத்துனு விழுந்து கிடக்குமாம். கூட்டி அள்ளுவாங்களாம்." ஆனால் அத்தையின் ஊருக்கு அவர்கள் மருந்தோடு வரவில்லை. பிள்ளைகளின் வயிற்றைப் பார்க்க மட்டும் வந்தார்கள், போனார்கள். "நான் இருந்த ஊருக்கு மட்டும் வரலை பாரு" என்று முடிப்பார். அதையும் தன் ராசிக் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தார். டி.டி.டி. வந்ததே சுதந்திரத்துக்குப் பிறகுதானே, அதற்கு முன்னால் எந்தத் துரை எதை அடித்தான் என்று அப்பா கேட்பார். நாங்களும் அத்தை கதை கட்டுகிறது என்றே நினைத்தோம்.

நான் 34 வருஷம் ஆற்றுப் பாசன வேலையில் இருந்து 2008ல் ஓய்வு பெற்றவன். தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நடுவில் நின்று முறை வைத்துத் தண்ணீர் பிரித்துக் கொடுப்பதே என் பிழைப்பாக இருந்தது. சில வருஷங்களுக்கு முன் சென்னையில் மகள் வீட்டில் இருந்தபோது, பட்டுக்கோட்டைப் பாசனத்தைப் பற்றிப் பழைய தகவல் எதாவது கிடைக்குமா என்று பேரனைத் தேடச் சொன்னேன். அவன் எடுத்துக் கொடுத்ததில் பாசனத்தைவிடக் கொசுதான் அதிகம் இருந்தது. இந்திய மலேரியா நிறுவனம் நடத்திய இதழில், 1938லிருந்து 1942 வரை வந்த கட்டுரைகள். எழுதியவர் பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க டாக்டர். ராக்பெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரப் பிரிவைச் சேர்ந்தவர். அவரோடு நைப் என்ற பொறியாளர், டி. ராமச்சந்திர ராவ் என்ற பூச்சியியல் அறிஞர். ஊர்: பட்டுக்கோட்டை. அத்தையின் துரை!

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டுரைகளை மறுபடி மறுபடி படித்தேன். ஒரு கட்டுரையின் தலைப்பையே பாருங்கள். குறைபாடுள்ள, ஒழுங்கற்ற பாசனத்தால் வரும் மலேரியா என்று 1938ல் எழுதியிருக்கிறார். தண்ணீரால் மலேரியா என்று அவர் சொல்லவில்லை. ஒழுங்கில்லாத தண்ணீரால் என்கிறார். பாசன வேலை பார்த்த எனக்கு இது சுருக்கென்று தைத்தது.

அவர்கள் கண்டதை என் பாஷையில் சொல்கிறேன். மலேரியாக் கொசு சாக்கடையில் வளர்வதல்ல. சாக்கடைக் கொசு வேறு ஜாதி. அது பரப்புவது யானைக்கால். கும்பகோணத்தைச் சொல்லி நாம் ஒரு காலத்தில் கேலி பேசினோமே, அது. பட்டுக்கோட்டையில் காய்ச்சலைப் பரப்பிய கொசுவின் பெயர் அனாபிலிஸ் குலிசிபேசிஸ். அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். வெயில் படவேண்டும். புதிதாகத் தேங்கியதாக இருக்கவேண்டும். கால்வாய்க் கரை போட மண் வெட்டிய பள்ளங்கள், கசிகிற வாய்க்கால், வடிய வழியில்லாத தரிசு, மாட்டுக் குளம்படித் தடத்தில் நிற்கும் தண்ணீர் எல்லாம் அதற்குத் தொட்டில். மணல் பூமியில் அவசரமாகத் தண்ணீரைக் கொண்டு போனார்கள். வடிகாலைப் பற்றி அந்த அளவு யோசிக்கவில்லை. கொசுவுக்கு வேறென்ன வேண்டும்?

அப்படியானால் காலம் காலமாகத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் நம் பழைய டெல்டாவில் ஏன் அந்தக் காய்ச்சல் அப்படி வரவில்லை? ராவும் ரஸ்ஸலும் இதற்கு ஓர் அழகான விடை கண்டுபிடித்தார்கள். இந்தக் கொசு தண்ணீரில் உட்கார்ந்து முட்டை இடுவதில்லை. தண்ணீருக்கு மேல் அந்தரத்தில் ஆடிக்கொண்டே முட்டைகளை ஒவ்வொன்றாக விடுகிறது. ஆடுவதற்குத் திறந்த வெளி வேண்டும். நெற்பயிர் ஓர் அடி உயரம் வந்துவிட்டால் தாள்கள் இடிக்கும், ஆட முடியாது, போய்விடும். நிழலுக்காகப் போகிறதா, தடுப்புக்காகப் போகிறதா என்று பார்க்க, தண்ணீரில் செங்குத்தாகத் தடுப்புகளை நட்டுச் சோதித்திருக்கிறார்கள். தடுப்புதான் காரணம் என்று தெரிந்தது. ஆகவே விளைந்து நிற்கும் வயல் பயமில்லை. நடவுக்கு முன்னும், நட்ட புதிதிலும், அறுவடைக்குப் பின் தண்ணீர் தேங்கிய தரிசிலும்தான் ஆபத்து. நம் பக்கம் களிமண். ஆறுகள் பழையவை. வடிகால்களும் பழையவை. ஒரே சமயத்தில் நட்டு ஒரே சமயத்தில் தாள் எழும்பிவிடும். அங்கேயோ ஒருவர் நட்டிருப்பார், பக்கத்தவர் தரிசு போட்டிருப்பார், அதில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். இந்தக் கொசு முக்கியமாக மாட்டு ரத்தம் குடிப்பது. மாடு கொட்டிலில், மனிதன் பக்கத்துத் தாழ்வாரத்தில். இரண்டையும் கடிக்கும். குடித்துவிட்டுப் பறந்து போகாது. வயிறு கனத்து, அதே வீட்டின் சுவரிலோ கூரையிலோ இருட்டாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். காடு கழனியெல்லாம் கொசுவைத் தேடுவதைவிட வீட்டுக்குள்ளேயே பிடித்துவிடலாமே என்று நினைத்தார்கள். சாமந்தி இனத்தில் பைரெத்ரம் என்று ஒரு வெள்ளைப் பூ. ஆப்பிரிக்காவில் கென்யாவில் அப்போது ஏராளமாக விளைந்தது. அதன் சத்தை மண்ணெண்ணெயில் எடுத்து வீட்டுக்குள் அடித்தார்கள். பறக்கிற, உட்கார்ந்திருக்கிற கொசு எல்லாம் விழும். சுவரில் நிற்காது. ஆகவே வாரா வாரம் அடிக்க வேண்டும். பட்டுக்கோட்டை வட்டாரத்தில் சில ஊர்களில் அடித்தார்கள். சில ஊர்களை அடிக்காமல் விட்டு, இரண்டிலும் பிள்ளைகளின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்து ஒப்பிட்டார்கள். அடித்த ஊர்களில் காய்ச்சல் குறைந்தது.

அந்த "அடிக்காமல் விட்ட ஊர்கள்" என்ற இடத்துக்கு வந்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மருந்தோடு வரவில்லை, வயிற்றைப் பார்க்க மட்டும் வந்தார்கள் என்று அத்தை சொன்னது இதைத்தான். ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் செய்யவேண்டும், ஒப்பிட ஓர் ஊர் வேண்டும், அது எனக்குப் புரிகிறது. ரஸ்ஸல் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஒப்பிடும் ஊரில் என் அத்தை இருந்தார். ஏன் தங்கள் ஊருக்கு வரவில்லை என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. அவரே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு நாற்பது வருஷம் அடுக்களையில் உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு கட்டுரை 1942ல் வந்தது. என் தொழிலோடு சம்பந்தப்பட்டது அதுதான். வயலில் தண்ணீரை ஓயாமல் நிறுத்தாமல், சில நாள் விட்டு, சில நாள் காயப்போட்டுப் பார்த்திருக்கிறார்கள். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். அதற்குள் வயல் காய்ந்தால் அத்தனையும் சாகும். மருந்து வேண்டாம், பம்பு வேண்டாம், பூ வேண்டாம். இதற்கு நம் குடியானவர்களிடம் ஏற்கெனவே பெயர் உண்டு. காய்ச்சலும் பாய்ச்சலும். வயலுக்குக் காய்ச்சல் கொடுத்தால் மனிதனுக்குக் காய்ச்சல் வராது. தமிழில் சொல்லும்போது இந்த வார்த்தை எப்படி வந்து விழுகிறது பாருங்கள்! ரஸ்ஸலுக்கு யாராவது சொன்னார்களோ என்னவோ.

முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டு 34 வருஷம் அலைந்த நான் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தண்ணீர் போதாத வருஷத்தில் பங்கீட்டுக்காக முறை வைப்போம். தண்ணீர் தாராளமாக வருகிற வருஷத்தில் மதகைத் திறந்து விட்டுவிடுவோம். கடைமடையில் பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் மறியல். தலைமடையில் வயல் குளமாக நின்றால் யாரும் கேட்கமாட்டார்கள். ஜூன் 12ல் மேட்டூர் திறந்து ஜனவரி 28ல் மூடுகிற வரைக்கும் எத்தனை கன அடி என்பதுதான் எங்கள் பேச்சு. கொசு சுகாதாரக்காரர் சமாச்சாரம், தண்ணீர் எங்கள் சமாச்சாரம். நடுவில் ஒரு சுவர்.

அந்தச் சுவரைக் கட்டியதில் டி.டி.டி.க்கும் பங்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939ல் அதன் பூச்சிக்கொல்லி குணத்தைக் கண்டுபிடித்தார். 1948ல் நோபல் பரிசும் வாங்கினார். யுத்தத்தில் சிப்பாய்களைக் காப்பாற்றிய மருந்து யுத்தம் முடிந்ததும் நம் ஊருக்கு வந்தது. பைரெத்ரத்துக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம். இது சுவரிலேயே மாதக்கணக்கில் நிற்கும். வாரா வாரம் அடிக்க வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு தடவை போதும். ரஸ்ஸல் பட்டுக்கோட்டையில் கண்ட அதே யோசனைதான். கொசு வந்து உட்காரும் சுவரில் கொசுவுக்காகக் காத்திருப்பது. மருந்து மட்டும் மாறியது. சுதந்திர சமயத்தில் இந்தியாவில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று கணக்கிட்டிருந்தார்கள். 1953ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1958ல் அதன் பெயரை ஒழிப்புத் திட்டம் என்று மாற்றினார்கள். 1965 வாக்கில் நோயாளிகள் சுமார் 1 லட்சம். ஏழரைக் கோடி எங்கே, 1 லட்சம் எங்கே! டி.டி.டி.யை இன்றைக்கு விஷம் விஷம் என்று மட்டும் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ரஸ்ஸல் 1955ல் எழுதிய புத்தகத்தின் பெயரே மலேரியாவை மனிதன் வென்றான் என்கிற தோரணையில் இருக்கும்.

வென்று முடிந்துவிடவில்லை. மூட்டைப்பூச்சி கற்றுக்கொண்ட பாடத்தைக் கொசுவும் கற்றுக்கொண்டது. 1950கள் முடிவதற்குள்ளேயே நம் நாட்டில் குலிசிபேசிஸ் டி.டி.டி.க்குச் சாக மறுக்க ஆரம்பித்தது. அதோடு மருந்துத் தட்டுப்பாடு, பணத் தட்டுப்பாடு, இனிமேல் வராது என்ற மிதப்பு. 1976ல் நாடு முழுக்க 64 லட்சம் பேருக்கு மலேரியா. 1989ல் விவசாயத்துக்கு டி.டி.டி. உபயோகிக்கத் தடை வந்தது. நோய்த் தடுப்புக்கு மட்டும் விட்டுவைத்தார்கள்.

சுவர் மருந்து மாயம் செய்துகொண்டிருந்த அந்த இருபது வருஷத்தில் வாய்க்கால் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம். காய்ச்சலும் பாய்ச்சலும் மறுபடி வந்தது தண்ணீர்ப் பஞ்சம் வந்த பிறகுதான். ஒற்றை நாற்று நடவு, இராஜராஜன் 1000 என்று அதிகாரிகள் பிரசாரம் செய்தபோது, வயலை நனைத்துக் காயவிடுங்கள், தண்ணீர் மிச்சம் என்று சொன்னார்கள். தண்ணீர் மிச்சம் என்றால் கேட்க ஆள் இருக்கிறது. கொசு என்ற பேச்சு அதில் எங்கும் வரவில்லை.

அம்மாவின் கட்சியும் சும்மா சொல்லக்கூடாது. இப்போது சுவிட்சில் செருகி வைத்துக்கொண்டு தூங்குகிறோமே, அந்தப் புட்டித் திரவம், அதற்கு முன் ஏற்றிய சுருள் வத்தி, இரண்டும் அந்த வெள்ளைப் பூவின் வம்சம்தான். சுருள் முதலில் பூவையே அரைத்துச் செய்தது. புட்டியில் இருப்பது பூவின் சத்தைப் பார்த்து ரசாயனத்தில் செய்தது. வேப்பிலைப் புகையைப் போலவே இதுவும் கொசுவை விரட்டுகிறதே தவிர, கொசு பிறக்கும் இடத்தைத் தொடுவதில்லை. கொசு மட்டும் வேலை மாற்றிக்கொண்டது. இப்போது டெங்கு. அந்தக் கொசுவுக்கு வயலும் வேண்டாம், வாய்க்காலும் வேண்டாம். மாடியில் கிடக்கும் பழைய டயரும் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டும் போதும்.

ஊருக்குத் திரும்பியதும் எனக்கு ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. மாமாவின் இரண்டாம் தாரத்து மகன் அந்த ஊரில்தான் இருக்கிறார். என்னைவிட மூன்று வயது பெரியவர். கல்யாணம் கருமாதி என்றால் பார்த்துக்கொள்வோம், அத்தையைப் பற்றி மட்டும் பேசியதில்லை. போன் போட்டேன்.

"அத்தான், ஒரு சமாச்சாரம். எங்க அத்தை வந்ததாலதான் ஊர்ல காய்ச்சல் வந்துச்சுன்னு உங்க அப்பத்தா சொல்லுமாம்ல, கேள்விப்பட்டிருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கேட்டிருக்கேன் மாப்ளே. சின்னப் புள்ளையில."

புது ஆறு, மண் வெட்டிய பள்ளம், ரஸ்ஸல், அடிக்காமல் விட்ட ஊர் எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரம் இருக்கும். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பள்ளம் எங்க பெரிய வயலுக்குத் தெற்கால இருந்துச்சு மாப்ளே. நான் அதுலதான் நீச்சல் பழகுனேன்" என்றார் கடைசியில். "தூத்தாச்சு. இப்ப தென்னை நிக்குது." பிறகு, "அந்தப் பெரியம்மா போட்டோ உங்க வீட்ல இருக்கா? இருந்தா ஒண்ணு அனுப்பி வைங்க" என்றார்.

அத்தைக்குத் தனியாகப் போட்டோ கிடையாது. அக்கா கல்யாணத்தில் எடுத்த குரூப் படம் ஒன்றில், பின்னால் அடுக்களை வாசற்படியில் பாதி முகம் தெரிகிறது. மன்னார்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பையனிடம் அதை மட்டும் பெரிதாக எடுத்துத் தரச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறான்.